அடையில் அமர்ந்த கோழி: உடலியலும் உடல்நலமும்

முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, இட்ட முட்டைகளின் மீதோ முட்டையே இல்லாத வெறுங்கூடையின் மீதோ இரவும் பகலும் விடாமல் அமர்ந்திருக்கும் பெட்டையை அடைக்கோழி என்கிறோம். இந்த நிலையில் கோழி இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது, இறகுகளைச் சிலிர்த்து உடலைத் தட்டையாகப் பரப்பிக்கொள்கிறது, அருகில் வரும் கையைக் கொத்துகிறது, தாழ்ந்த குரலில் இடைவிடாமல் கொக்கரிக்கிறது. முதல்முறை கோழி வளர்ப்பவர்களுக்கு இது நோயாகத் தோன்றும். பழகியவர்களுக்கோ பிடிவாதமாகத் தோன்றும். உண்மையில் இது இரண்டும் அல்ல. கோழியின் மூளை, சுரப்பிகள், தோல், சூலகம் ஆகிய அனைத்தும் ஒரே வேலைக்காக ஒழுங்குபடுத்தப்படும் இயல்பான உடல்நிலை இது. தொடக்கத்தைப் போலவே இதற்கு ஒரு முடிவும் உண்டு. அந்த முடிவு வராமல் போகும்போதுதான் இயல்பான நிலை உடல்நலக் கேடாக மாறுகிறது.

சென்னையை அடுத்த பல்லாவரம் போன்ற புறநகர்களில் முடிவில்லாத அடை அடிக்கடி நேர்கிறது. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இப்பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பின்னும் கொல்லையும் மொட்டை மாடியும் உள்ள தனி வீடுகள் எஞ்சியிருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பழைய சந்தையில் செடிகளும் பழம்பொருட்களும் புறாக்களும் விற்கும் வரிசைகளுக்கு நடுவே நாட்டுக்கோழிகளும் கிடைப்பதால், இரண்டு மூன்று பெட்டைகளை வாங்கி வளர்ப்பது இங்குள்ள குடும்பங்களுக்கு எளிது. ஆனால் விடியற்காலையில் கூவும் சேவலை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வதில்லை என்பதால் பலர் பெட்டைகளை மட்டுமே வைத்திருக்கின்றனர். சேவல் சேராத பெட்டை இடும் முட்டையில் கரு இராது. அதன் மீது எத்தனை நாள் அமர்ந்தாலும் குஞ்சு வராது. குஞ்சின் குரல் கேட்காதவரை கோழியின் உடலுக்கு எழுந்துகொள்ளச் சொல்லும் செய்தியும் கிடைக்காது. ஆகவே சேவல் இல்லாத வீட்டில் அடையை முடித்துவைக்கும் பொறுப்பு வளர்ப்பவரைச் சேர்கிறது. அதைச் சரியாகச் செய்வதற்கு, அடை எவ்வாறு தொடங்கி எவ்வாறு நீடிக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அடையைத் தூண்டும் சுரப்புகள்

கோழியின் மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனே அடையின் மைய விசை. பாலூட்டும் விலங்குகளில் பால் சுரப்பைத் தூண்டும் இதே ஹார்மோன், பறவைகளில் குஞ்சு பொரிக்கும் நடத்தையோடு இணைந்திருக்கிறது. அமெரிக்க உடலியலாளர் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய குழுவினரும் 1933இல் இதற்குப் புரோலாக்டின் என்று பெயரிட்டனர். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிகளுக்கு இதைச் செலுத்தினால் அவை அடைக்கு உட்காருகின்றன என்று 1935இல் காட்டினர். புரோலாக்டினைச் சுரக்கும்படி பிட்யூட்டரிக்கு ஆணையிடுவது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகும் வாசோஆக்டிவ் இன்டெஸ்டைனல் பெப்டைடு என்ற சிறு புரதம் என்பது பின்னர் தெரியவந்தது. இப்புரதம் முதலில் குடலில் கண்டறியப்பட்டதால் அதன் பெயரில் குடல் இருக்கிறதே தவிர, இங்கே அது மூளையின் தூதாகவே செயல்படுகிறது.

புரோலாக்டின் ஏறும்போது, முட்டை உருவாக்கத்தை நடத்தும் லூட்டினைசிங் ஹார்மோன் இறங்குகிறது. சூலகத்தில் மஞ்சள் கருவாக முதிர்ந்துகொண்டிருந்த முட்டைகள் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட, சூலகம் சுருங்குகிறது. பாலின ஹார்மோன்களின் அளவு குறைவதால் சிவந்து தடித்திருந்த கொண்டை வெளிறிச் சுருங்குகிறது. வயிற்றுப் பக்கத்தில் இறகு உதிர்ந்து, அங்குள்ள தோல் தடித்து, இரத்த நாளங்கள் விரிந்து ஒரு வெம்மையான வெற்றுத் திட்டு தோன்றுகிறது. இதை அடைத்திட்டு எனலாம். அடைக்கோழியைத் தூக்கி அடிவயிற்றில் விரல் வைத்தால், இறகுக்கு இடையே வழுவழுப்பான தோல் நேரடியாகத் தட்டுப்படுவதையும் அதன் சூடு உள்ளங்கை வரை ஏறுவதையும் எளிதில் உணரலாம். கோழியின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் இருக்கும். கருவுக்குத் தேவைப்படும் ஏறத்தாழ 37.5 பாகை இந்தத் திட்டின் வழியாகவே முட்டைக்குப் போய்ச் சேருகிறது.

அடைத்திட்டு வெப்பத்தைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. முட்டை தொடும் உணர்வை நரம்புகள் வழியாக மூளைக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. அந்த உணர்வு புரோலாக்டினை உயர்த்துகிறது, புரோலாக்டின் கோழியை மேலும் அமரவைக்கிறது, அமர்வது மீண்டும் அதே உணர்வைத் தருகிறது. முட்டையை எடுத்துவிட்ட பிறகும் கோழி வெறுங்கூடையிலோ உருண்டைக் கல்லின் மீதோ அமர்வதற்கு இந்தச் சுழற்சியே காரணம். நாட்கள் செல்லச் செல்ல இது வலுப்படும் என்பதால், முதல் இரண்டு மூன்று நாட்களில் எளிதாகக் கலையும் அடை, இரண்டு வாரம் கழித்து எளிதில் கலைவதில்லை.

பகல் நீளும் வசந்த காலத்தில் புரோலாக்டின் உயர்வது குளிர்நாட்டுக் கோழிகளின் இயல்பு. சென்னையை ஒட்டிய பகுதிகளில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு இருப்பதால், இங்கு நாட்டுக்கோழி எந்த மாதத்திலும் அடைக்கு உட்காரலாம். 10 முதல் 15 முட்டைகள் இட்டதும் அடைக்கு வந்து, குஞ்சுகளைப் பிரித்துவிட்ட பின் மறுபடியும் முட்டையிடத் தொடங்கும் சுழற்சியால், சிறுவிடை போன்ற நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 100க்கும் குறைவான முட்டைகளையே இடுகிறது. நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடுவதற்கு, பல தலைமுறைத் தேர்வில் அவற்றிடமிருந்து அடை உணர்வு நீக்கப்பட்டதும் ஒரு காரணம். ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, பெங்களூருவில் உருவாக்கப்பட்ட கிரிராஜா போன்ற புறக்கடை இனங்களும் பொதுவாக அடைக்கு உட்காருவதில்லை. அவற்றின் முட்டைகளைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்யும் வழக்கம் இதனாலேயே நிலைபெற்றது.

பட்டினியின் அளவும் எல்லையும்

அடைக்கோழி நாளொன்றுக்கு ஒரு முறை, ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடங்களுக்கு, கூடையை விட்டு இறங்கி இரை தின்று, நீர் குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும். நாள் முழுவதும் அடக்கிவைத்திருந்த எச்சம் ஒரே திரளாக, பெரிதாகவும் கடும் நாற்றத்துடனும் விழுவதைக் கண்டு கழிச்சல் நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. முட்டைகளின் மீது எச்சம் படாமல் காக்கும் இயல்பான ஏற்பாடு அது. காட்டுக்கோழிகளை வைத்து 1980இல் வெளியான ஆய்வொன்று, அடைக்காலத்தில் அவை வழக்கமான இரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே உண்கின்றன என்றும், தீவனம் பக்கத்திலேயே இருந்தாலும் உணவைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன என்றும் காட்டியது. அதாவது, உடல் தக்கவைக்க முயலும் எடையின் இலக்கே அந்த நாட்களில் படிப்படியாகக் கீழிறங்குகிறது.

குஞ்சு பொரிக்க 21 நாட்கள். அந்தக் காலத்துக்குள் கோழி தன் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை இழந்தாலும், முட்டைப் பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டு அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் கூமுட்டைகளின் மீதோ வெறும் வைக்கோலின் மீதோ ஐந்தாறு வாரம் அமர்ந்திருக்கும் கோழிக்குக் கொழுப்பு தீர்ந்து தசை கரையத் தொடங்குகிறது. மார்பைத் தடவிப் பார்த்தால் நடு எலும்பு கத்தியின் விளிம்பாகக் கையில் தட்டுப்படும். இருபுறமும் இருக்க வேண்டிய சதை குழிந்திருக்கும். வாரம் ஒரு முறையாவது மார்பெலும்பைத் தொட்டுப் பார்ப்பதும், தராசு இருந்தால் எடை போட்டுக் குறித்துவைப்பதும் வளர்ப்பவரின் முதல் கடமை.

இக்காலத்தில் கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், அரிசி நொய் போன்ற தானியங்களைக் கொடுப்பது நல்லது. கழிச்சலை உண்டாக்கும் ஈர உணவையும் மீந்துபோன குழம்புச் சோற்றையும் தவிர்க்க வேண்டும். தீவனமும் நீரும் கூடைக்குச் சற்றுத் தள்ளி இருந்தால் கோழி இறங்கி நடந்து எச்சமிட்டு வரும். தானாக இறங்காத கோழியை நாளுக்கு ஒரு முறை, மாலை வேளையில், இறக்கைக்கு அடியில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பின் மெதுவாகத் தூக்கிக் கீழே விட வேண்டும்.

நோயைப் பிரித்தறிதல்

அடைக்கோழி அசையாமல் இருந்தாலும் மந்தமாக இருப்பதில்லை. கண்கள் திறந்திருக்கும், அருகில் யாரேனும் வந்தால் இறகைச் சிலிர்த்து உறுமும், கூடையிலிருந்து இறக்கிவிட்டால் கொக்கரித்துக்கொண்டே நடந்து இரையைக் கொத்தும். நோயுற்ற கோழியோ கண்களைப் பாதி மூடி, வாலைத் தாழ்த்தி, தூக்கினாலும் எதிர்ப்புக் காட்டாமல் இருக்கும். முட்டை அடைப்பு என்ற நிலை, அதாவது உருவான முட்டை வெளிவராமல் பாதையில் சிக்கிக்கொள்வது, அடையோடு குழப்பிக்கொள்ளத் தக்கது. அதிலும் கோழி கூடையிலேயே கிடக்கும். ஆனால் அது முக்கிக்கொண்டு, வாலை மேலும் கீழும் அசைத்து, வயிறு உப்பித் தளர்ந்திருக்கும். சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய அவசரநிலை அது. பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிவதும், மூச்சுத் திணறுவதும், கழுத்துத் திருகுவதும் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயின் அறிகுறிகள். இந்நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை, தடுப்பூசியே காப்பு. புறக்கடைக் கோழிகளுக்காகத் தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இருவார முகாமைத் தவறவிடலாகாது. ஊசியை அடை தொடங்கும் முன்பே போட்டுவிடுவது கோழியைக் கலைக்காமல் இருக்க உதவும்.

அடைக்கோழியை உண்மையில் வாட்டுவது பெரும்பாலும் செள்ளும் பேனும்தான். மற்ற நாட்களில் கோழி மண்குளியல் எடுத்து, இறகைக் கோதி ஒட்டுண்ணிகளை உதிர்த்துவிடும். அடையில் அந்த வேலை தடைபடுவதாலும், ஒரே இடத்தில் வெம்மையும் ஈரப்பதமும் நீடிப்பதாலும் அவை விரைவாகப் பெருகுகின்றன. ஒட்டுண்ணிகளில் இரு வகை உண்டு. இறகுக்குள்ளேயே வாழும் செள்ளும் பேனும் ஒரு வகை. அவற்றைக் கழிவாய்க்குச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பார்த்தால் காணலாம். பகலில் பலகை இடுக்கிலும் கூடையின் பின்னலிலும் ஒளிந்து, இரவில் மட்டும் ஏறி இரத்தம் உறிஞ்சும் சிவப்புச் செள் மற்றொரு வகை. அதைக் காண இரவில் கைவிளக்கோடு செல்ல வேண்டும். கூடையின் விளிம்பில் வெள்ளைத் துணியைத் தேய்த்தால் அதில் செந்நிறக் கோடுகள் படிவது அதன் தடயம். செள் மிகுந்த கூடையில் கோழி இரத்தசோகையால் இறப்பதும், பொறுக்க முடியாமல் முட்டைகளைக் கைவிட்டு எழுந்துபோவதும் உண்டு. அடையில் கொண்டை வெளிறுவது இயல்பு என்றாலும், கண்ணிமையின் உட்புறமும் வாயின் உட்புறமும் வெளுத்திருந்தால் இரத்தசோகையைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே அடை வைக்கும் முன்பே கூடையைக் கடும் வெயிலில் உலர்த்தி, பழைய வைக்கோலை எரித்துவிட்டு, புது வைக்கோலைப் பரப்ப வேண்டும். கோழி இறங்கும் இடத்தில் உலர்ந்த மணலும் சலித்த சாம்பலும் கலந்த ஓர் அகலத் தட்டை வைத்தால், அந்த இருபது நிமிடத்திலேயே அது குளித்துக்கொள்ளும். ஒட்டுண்ணி மருந்துகளைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டுப் பூச்சிகளைக் கொல்லும் தெளிப்பான்களை முட்டை இருக்கும் கூடையில் அடிப்பது கருவையும் கோழியையும் ஒருசேரக் கெடுக்கும். கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், சாக்கடையும் தேங்கிய நீரும் மிகுந்த தெருக்களில் இரவில் கூண்டின் மீது கொசுவலை போடுவதும் தேவைப்படுகிறது.

வெயிலும் முட்டையும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. பெரும்பாலும் வாயைத் திறந்து இளைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றும். பல்லாவரத்தை அடுத்த மீனம்பாக்கத்து வானிலை நிலையத்தில் கத்திரி வெயில் நாட்களில் 40 பாகைக்கு மேல் பதிவாவது வழக்கம்; தகரக் கூரை போட்ட மொட்டை மாடிக் கூண்டின் உள்ளே வெப்பம் அதையும் தாண்டும். அத்தகைய கூண்டில் அமர்ந்த கோழி தன் முட்டைகளைச் சூடாக்குவதற்குப் பதிலாக, அவற்றின் மீது எழுந்து நின்று நிழல் தர முயன்று, இறுதியில் தானே வெப்பத்துக்குப் பலியாகக்கூடும். சித்திரை, வைகாசியில் அடையை ஊக்குவிக்காமல், தை, மாசி மாதங்களில் அடை வைப்பது இப்பகுதிக்குப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு ஈரத் தரையிலிருந்து இரத்தக் கழிச்சல் வரும் வாய்ப்பு மிகுதி.

இதே வெப்பம் அடைக்கு முன்பே முட்டையைக் கெடுத்துவிடுவதும் உண்டு. ஏறத்தாழ 21 பாகைக்கு மேல் இருக்கும் முட்டையில் கருவின் செல்கள் மெதுவாகப் பிரியத் தொடங்குகின்றன. ஆனால் முழுவளர்ச்சிக்குத் தேவையான வெப்பம் கிடைக்காததால் கரு தளர்ந்து இறந்துபோகிறது. சென்னைச் சமையலறையின் சாதாரண அலமாரியே இதற்குப் போதும். மண்பானையை ஈர மணலில் புதைத்து அதனுள் முட்டைகளைச் சேர்த்துவைக்கும் கிராமத்து முறை, நீர் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியைப் பயன்படுத்துவதால் அறிவியல் அடிப்படை உடையது. சேர்த்துவைக்கும் காலம் ஒரு வாரத்தைத் தாண்டாமல் இருப்பதும், அகன்ற முனை மேலே இருக்கும்படி வைப்பதும் பொரிப்பைக் கூட்டும்.

சிறுவிடையின் உடல் அளவுக்கு 8 முதல் 12 முட்டைகள் போதும். மிகுதியாக வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்துபோகும். ஏழாம் நாள் இரவில் கைபேசி விளக்கின் மீது முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளைவிடும் சிவந்த நரம்புகளும் தெரியும். கூமுட்டை ஒரே சீராக ஒளிவிடும். கூமுட்டைகளை அப்போதே நீக்கிவிட வேண்டும். அழுகி வெடிக்கும் ஒரு முட்டை மற்ற முட்டைகளையும் கிருமியால் கெடுத்துவிடும். பதினெட்டாம் நாளுக்குப் பின் கூடையைத் தொடாமல் இருப்பது நல்லது. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுப்பதும் தாய் மெல்ல மறுமொழி சொல்வதும் அந்நாட்களில்தான் நிகழ்கின்றன. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் எஞ்சிய மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாகும் என்பதால், முதலில் வந்த குஞ்சு மற்றவை வரும்வரை தாயின் அடியிலேயே காத்திருக்கும். குஞ்சின் அசைவும் குரலும் கோழியின் புரோலாக்டின் அளவைக் கீழிறக்க, அடை இயல்பாக முடிந்து பராமரிப்பு தொடங்குகிறது. குஞ்சுகளின் மீது காற்றை ஊதி அவற்றைச் சிறிது தொந்தரவு செய்தபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாயின் இதயத்துடிப்பு உயர்ந்ததைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் பதிவுசெய்தனர். அடைக்கோழியின் பற்று வெறும் இயந்திரச் செயல் அன்று என்பதற்கு அது ஒரு சான்று.

அடையை முடித்துவைத்தல்

சேவல் இல்லாத வீட்டில் வளர்ப்பவருக்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. ஒன்று, கரு உள்ள முட்டைகளையோ ஓரிரு நாள் வயதுடைய குஞ்சுகளையோ கொடுப்பது. குஞ்சுகளைக் கொடுப்பதாக இருந்தால், கோழி ஏறத்தாழ இரண்டு வாரம் அடையில் இருந்த பின், இரவு இருட்டில் முட்டைகளை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அடியில் தள்ளி, விடிந்ததும் அது குஞ்சுகளைக் கொத்தாமல் அணைத்துக்கொள்கிறதா என்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். வாங்கிய குஞ்சுகளோடு நோயும் வரக்கூடும் என்பதால், தடுப்பூசி போடப்பட்ட குஞ்சுகளை நம்பகமான இடத்திலிருந்து பெறுவது நல்லது. ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தெற்கே சென்றால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இத்தகைய புறக்கடைக் கோழி வளர்ப்புக்கு வழிகாட்டுகிறது.

இரண்டாவது வழி, அடையைக் கலைப்பது. கோழியைத் தண்ணீரில் முக்குவது, காலைக் கட்டிப்போடுவது, மூக்குத் துளையில் இறகைச் செருகுவது ஆகிய பழைய முறைகள் வலியையும் அச்சத்தையும் தருகின்றனவே தவிர, அடைத்திட்டிலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வை நிறுத்துவதில்லை. பட்டினி போடுவது ஏற்கெனவே மெலிந்த உடலுக்கு மேலும் தீங்கு. உணர்வின் சுழற்சியை அறுப்பதே சரியான முறை. கம்பிவலைத் தரையுள்ள கூண்டை இரண்டு செங்கற்களின் மீது நிழலில் தூக்கிவைத்து, வைக்கோலோ சாக்கோ எதையும் போடாமல், தீவனமும் தண்ணீரும் தாராளமாக வைத்து, பகல் வெளிச்சமும் மற்றக் கோழிகளின் பார்வையும் இருக்கும்படி அதில் கோழியை விட வேண்டும். அடியிலிருந்து காற்று வருவதால் அடைத்திட்டு குளிர்கிறது. பதுங்கி அமர இடம் இல்லாததால் முட்டையைத் தொடும் உணர்வும் கிடைப்பதில்லை. கூட்டிலிருந்து பிரிக்கப்பட்ட கோழிகளின் இரத்தத்தில் ஒரே நாளில் புரோலாக்டின் இறங்கி, லூட்டினைசிங் ஹார்மோன் ஏறத் தொடங்குவதை அளவீடுகள் காட்டியுள்ளன. எனினும் ஒரு நாளிலேயே திறந்துவிட்டால் அது மீண்டும் கூடைக்கே ஓடும் என்பதால், மூன்று நான்கு நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். திறந்துவிட்ட கோழி கூடையைத் தேடாமல் மற்றவற்றோடு சேர்ந்து மண்ணைக் கிளறினால் அடை கலைந்தது என்று கொள்ளலாம். சுருங்கிய சூலகம் மீண்டும் முட்டையை உருவாக்க இரண்டு மூன்று வாரம் ஆகும்; அதற்குள் முட்டை வரவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை.

இவ்விரு வழிகளில் எதைத் தேர்வது என்பது குடும்பத்தின் வசதியையும் பருவத்தையும் பொறுத்தது. தேர்வே செய்யாமல் விட்டுவிடுவதுதான் தவறு. கோழி கூடையில் தங்கிய முதல் இரவன்றே நாட்காட்டியில் தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று நாட்களுக்குள் கரு உள்ள முட்டை வைப்பதா கலைப்பதா என்று முடிவெடுத்து, எப்படியாயினும் 21 நாட்களுக்கு மேல் வீணாக அமரவிடுவதில்லை என்ற வரம்பை வளர்ப்பவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். காட்டில் இந்த வரம்பைக் குஞ்சுகளே விதித்தன. சேவலைப் பிரித்து, பெட்டையை மட்டும் கொல்லையில் வைத்துக்கொண்ட மனிதர், அந்தப் பொறுப்பையும் தம் மேல் ஏற்றுக்கொண்டவராகிறார்.